‘பூட்டிய பூவைகள்’ படத்துக்குத் துணி தைத்தவள்

படத்தின் தயாரிப்பாளர் குளியலறைச் சாமான் வியாபாரி. குழாய், தொட்டி, தரை ஓடு எல்லாம் மொத்தமாக விற்பவர். அதனாலோ என்னவோ, பெண்கள் சிறையைப் பற்றி அவர் எடுத்த படத்தில் பாதிக் கதை குளியலறையிலேயே நடந்தது. மீதிப் பாதியில் கைதிகள் ஒருத்தி தலைமுடியை இன்னொருத்தி பிடித்து இழுத்துக்கொண்டு தரையில் புரண்டார்கள். படத்துக்குப் பெயர் ‘பூட்டிய பூவைகள்’. பதினெட்டே நாளில் எடுத்து முடித்தாக வேண்டும். ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு மாவு மில்லைப் பிடித்து, சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, மரச்சட்டங்களுக்குக் கறுப்பு பூசிக் கம்பியாக நிறுத்தி, இதுதான் ஜெயில் என்றார்கள். எங்கே கையை வைத்தாலும் பழைய மாவு ஒட்டியது.

அந்த ஜெயிலுக்கு உடுப்புத் தைக்கிற வேலை டெய்லரக்காவுக்கு வந்தது. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவள். ஒல்லி உடம்பு, கழுத்தில் அளவு நாடா, அளந்து பேசுகிற வாய். ஏழு வருஷமாகச் சினிமாவுக்குத் தைக்கிறாள். போலீஸ் உடுப்போ பேய் உடுப்போ, கேட்ட நாளுக்கு முதல் நாளே மடித்து வைத்துவிடுவாள் என்று பெயர். அதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள்.

அவள் இருந்தது ஜெயிலில். நிஜ ஜெயிலில். நாலு வருஷம்.

அதற்கு முன்னால் ஓர் ஆயத்த ஆடைப் பட்டறையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடியில் முப்பது பெண்கள் தைப்பார்கள். துணி திருட்டுப் போகிறது என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம். பின்பக்கக் கதவைப் பகலிலும் பூட்டி வைக்கச் சொன்னார். சாவி இவள் இடுப்பில். ஒரு நாள் பட்டன் மூட்டை வந்திருக்கிறது என்று கீழே இறங்கினாள். அந்த நேரத்தில் மேலே இஸ்திரிப் பக்கம் மின்கம்பியில் தீப்பற்றியது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறப்பதற்குள், புகையில் பூட்டின் துவாரம் தெரியாமல் சாவியைத் தவறவிட்டு, தேடி எடுத்து, மறுபடி நுழைப்பதற்குள் இரண்டு பேர் மூச்சடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

முதலாளி கம்பி நீட்டினார். அவள் கம்பி எண்ணினாள். பூட்டச் சொல்லி எழுத்தில் எதுவும் இல்லை, சாவி இருந்தது உன்னிடம்தானே என்று வழக்கை அவள் தலையில் கட்டினார்கள். அவளும் தன்னைச் சுத்தமானவள் என்று நினைத்துக்கொள்ளவில்லை. ‘பூட்டச் சொன்னது அவர். பூட்டினது நான்தானே’ என்று இன்றைக்கும் சொல்வாள். புருஷன் முதல் வருஷத்திலேயே அவளைத் தலைமுழுகிவிட்டுப் போனான். வெளியே வந்த நாளில் வாசலில் நின்றது தங்கை மட்டும். அந்தத் தங்கை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறவள், கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: “அக்கா, அந்தப் பேச்சு மட்டும் நம்ம வீட்டுல வேண்டாம். யாருகிட்டயும் வேண்டாம்.” சரி என்று அக்காள் ஒத்துக்கொண்டு பக்கத்து அறையில் மெஷினைப் போட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் டைரக்டர் ஜெயில் சட்டையின் படத்தை நீட்டினார். அவருக்குப் படப்பிடிப்பில் ‘ஒரே டேக்’ என்று பட்டப்பெயர். எந்தக் காட்சியையும் இரண்டாம் தடவை எடுக்க மாட்டார். அதைத் திறமை என்று அவர் சொல்லிக்கொண்டார். சிக்கனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

“நீளம் குறைச்சிடுங்கக்கா. இடுப்போட நிக்கட்டும். மேல மூணு பட்டன் வேண்டாம்.”

“பட்டன் இல்லாம எப்படி சார் ஜெயில்ல விடுவாங்க?”

“ஜெயில்ல பட்டனை எவன் பார்க்கிறான்? தியேட்டர்லதான் பார்ப்பான்!” சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஜெயிலில் பட்டனை யார் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். காலையில் ஆள் எண்ணும்போது காவல்காரம்மா பார்ப்பார். ஒரு பட்டன் குறைந்தால் அந்த வாரம் வீட்டிலிருந்து வந்த கடிதம் கைக்கு வராது. அதனால் அங்கே இருந்த அறுபத்திரண்டு பெண்களும் பட்டனை உயிரைப்போலக் காப்பாற்றினார்கள். ஆளுக்கொரு ஊசி கிடையாது. எண் போட்டு ஓர் ஊசியைக் கொடுத்து, எண் பார்த்துத் திரும்ப வாங்குவார்கள். அந்த ஊசிக்கு வரிசை நின்று பட்டன் தைத்துப் போட்டுக்கொண்ட பெண்களை நினைத்தபடியே அவள் கத்தரியை எடுத்தாள், சட்டைகளை இடுப்போடு வெட்டினாள். கை வெட்டியது. வயிறு எரிந்தது.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் எரிந்தது. அவளுடைய மேசை படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்திலேயே இருந்ததால் பார்க்காமல் தப்பிக்க முடியவில்லை. கதையில் வந்த சிறை அதிகாரி முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு கையில் சாட்டையோடு திரிந்தாள். கைதிகள் உதட்டுச்சாயம் கலையாமல் அழுதார்கள். மூன்றாம் நாள் தீயணைப்புக் குழாயால் எட்டுப் பெண்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். “நல்லா நனையணும், நல்லா நனையணும்” என்று டைரக்டர் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் இருந்த இடத்தில் நாற்பது நிமிஷம் தண்ணீர் வரும், அறுபத்திரண்டு பேருக்கு ஒரே குழாய். தலை குளிப்பதா, துணி அலசுவதா, இரண்டில் ஒன்றுதான். யார் யாரை நனைப்பது?

அந்த எட்டுப் பேரும் துணை நடிகைகள். வாய்ப்புக்காக வந்தவர்கள், வாயைத் திறக்க முடியாதவர்கள். ‘ஒரு சண்டைக் காட்சி இருக்கு, அவ்வளவுதான்’ என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவளைப் பாட்டுக்காரி என்பார்கள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். இளைப்பு நோய் உண்டு. மூச்சு மருந்து உறிஞ்சுகிற குப்பியை டெய்லரக்காவின் மேசை இழுப்பறையில்தான் வைத்திருப்பாள். தண்ணீர்க் காட்சி முடிந்து அவர்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தபோது டெய்லரக்கா துண்டு கொடுத்தாள். அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் எட்டுச் சட்டைக்கும் உள்ளே கனமான துணி வைத்துத் தைத்தாள். எவ்வளவு நனைந்தாலும் இனி எதுவும் தெரியாது. டைரக்டர் கேமராவில் பார்த்துவிட்டுக் குதித்தார்.

“என்னக்கா இது, ஜெயில் சட்டையா, குளிர்காலக் கோட்டா?”

“துணி மெலிசா இருந்துச்சு சார். கிழிஞ்சிடும்னு போட்டேன்.”

“கிழியட்டுமேக்கா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு!”

பதினொன்றாம் நாள் மத்தியானம் கலவரக் காட்சி. கைதிகள் சிறைக்குத் தீ வைக்கிறார்கள், அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், நாயகன் வந்து காப்பாற்றுகிறான். பெண்களே தீ வைத்துப் பெண்களே மாட்டிக்கொண்டு காப்பாற்ற மட்டும் ஓர் ஆண்பிள்ளை வேண்டுமாம். மரக்கம்பி ஆடுகிறது, சத்தம் வரவில்லை என்று டைரக்டர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு நிஜக் கிராதிக் கதவைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார். அதற்கு ஒரு நிஜப் பூட்டு. புகை விடுகிற யந்திரத்துக்கு வாடகை அதிகம் என்று, ஒரு தகர பீப்பாயில் ஈரச் சாக்கைப் போட்டுக் கொளுத்தினார்கள்.

டெய்லரக்கா மேசையை விட்டு எழுந்து வந்தாள்.

“சார், பூட்டைச் சும்மா மாட்டி வைங்க. பூட்ட வேண்டாம்.”

“பூட்டினாத்தானே பயம் வரும்? ஒரே நிமிஷம். ஒரே டேக்.”

“புகை ஜாஸ்தியா இருக்கு சார். உள்ள ஜன்னல் கிடையாது.”

“நீங்க போய் பட்டன் தைங்கக்கா.” சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

முதல் அரை நிமிஷம் நடிப்பு. கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள், சொல்லிக் கொடுத்த வசனத்தைக் கத்தினார்கள். பிறகு வசனம் நின்றது. இருமல் ஆரம்பித்தது. “சார் போதும்! சார் திறங்க!” என்றாள் ஒருத்தி. படத்தில் ‘சார்’ என்று யாருமே கிடையாது. டைரக்டர் துள்ளி எழுந்தார். “அற்புதம்! நிறுத்தாதே, ஓட்டு, ஓட்டு! இந்தப் பயம் காசு கொடுத்தாலும் கிடைக்காது!” பாட்டுக்காரி முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். டெய்லரக்கா ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்தாள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். முதலில் மேசைக்குக் கீழே இருந்த சாயத் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பீப்பாயில் கவிழ்த்தாள். சாம்பல் சாயம் கேமரா வரை தெறித்தது. அப்படியே திரும்பி டைரக்டரின் சட்டைப் பையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். கடைச் சட்டை, ஒற்றைத் தையல், ஒரே இழுப்பில் பை கையோடு வந்தது. சாவி தரையில் விழுந்து சத்தம் போட்டது. அவள் குனிந்து எடுத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பூட்டுக்குள் சாவியை விட்டாள். ஒரு தரம் வழுக்கியது. இரண்டாம் தரம் திரும்பியது.

ஏழு பேர் தாங்களாகவே வெளியே வந்து விழுந்தார்கள். பாட்டுக்காரியை இழுத்து வந்தார்கள். இழுப்பறையிலிருந்த குப்பியை வாயில் வைத்து அழுத்தி, தயாரிப்பாளரின் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்திருந்தார்கள்.

இங்கே டைரக்டர் பை கிழிந்த சட்டையோடு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார். “ஒரு டெய்லருக்கு இவ்வளவு திமிரா? ஜெயில் சீனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

ஏழு வருஷமாக அளந்து பேசிய வாய் அன்றைக்கு நாடாவைக் கழற்றி எறிந்தது.

“எனக்குத் தெரியும்டா. நாலு வருஷம் உள்ள இருந்தவ நான். நீ என்னைக்காவது உள்ள போயிருக்கியா? உன் படத்துல ஒருத்திக்காவது பிள்ளை ஞாபகம் வருதா? ஒருத்தியாவது வக்கீல் வருவாரான்னு வாசலைப் பார்க்கிறாளா? வீட்டு ஆளுங்க மனு போட்டுப் பார்க்க வந்தா வலைக்கு நடுவுல விரல் நுனிதான்டா தொட முடியும், அதுக்கு மூணு மாசம் காத்துக்கிடப்போம். குளிக்கிறதைத் தவிர உனக்கு வேற எதுவும் தெரியலையா? சரி, அதெல்லாம் உன் கற்பனை, போகட்டும். உள்ள ஒருத்தி மூச்சு முட்டிக் கிடக்கிறா, நீ ஓட்டு ஓட்டுன்னு சொல்றே! நீ மனுஷன்தானா?”

டைரக்டர் முகத்தில் வெட்கம் வரவில்லை, வேறு ஏதோ யோசனை ஓடியது. அது என்ன என்று மறுநாள் காலையில் தெரிந்தது. பழக்கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, நேத்து நடந்ததை மறந்துடுங்க. நானும் மறந்துட்டேன். நீங்க ஒரே ஒரு உதவி பண்ணணும். கேமரா முன்னாடி உட்கார்ந்து, நான் நிஜக் கைதி, இந்தப் படத்துல வர்றது எல்லாம் நிஜம்னு ரெண்டு நிமிஷம் பேசணும். போஸ்டர்ல உங்க முகத்தையே போடறேன். சட்டை கூட நீங்க தைச்சதையே போட்டுக்கலாம்.”

அவள் பழக்கூடையை வாங்கினாள். வாசல்படிக்கு வெளியே தெருவில் வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

உள்ளே தங்கை நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சொல்லிட்டியா? எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியா?”

“வாயில வந்துடுச்சு.”

“இத்தனை வருஷமா மூடி வச்சது அக்கா. நான் நாளைக்கு ஸ்கூல்ல எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவேன்?”

“இன்னும் சொல்லப்போறேன். சங்கத்துல எழுதிக் கொடுக்கப்போறேன்.”

தங்கை மூன்று நாள் பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நான்காம் நாள் துணை நடிகைகள் சங்கத்துக்கு ஒன்பது பெண்கள் போனார்கள். பாட்டுக்காரி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்திருந்தாள். புகார் இதுதான்: உயிருக்கு ஆபத்தான நிலையில் பூட்டி வைத்துப் படம் எடுத்தார்கள், அந்தக் காட்சி படத்தில் வரக் கூடாது, வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கி எல்லாவற்றையும் படித்தார். டெய்லரக்காவின் பெயரில் விரலை வைத்தார்.

“இவங்க நடிகை கிடையாது. அதுவும் தண்டனை அனுபவிச்சவங்கன்னு கம்பெனியில சொல்றாங்க. இவங்க சாட்சியை வச்சு நான் எப்படி...”

டெய்லரக்கா பதில் சொல்வதற்கு முன்னால் பாட்டுக்காரி எழுந்தாள். மூச்சு வாங்கியதால் விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. “சார், தண்டனை அனுபவிக்காதவங்க அங்க நாற்பது பேர் நின்னாங்க. ஒருத்தரும் கதவைத் திறக்கல. நீங்க யார் சாட்சியை நம்பணும்?”

செயலாளர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே கம்பெனிக்குக் கடிதம் போனது. வைத்தியச் செலவு வந்தது. அந்தக் காட்சியை அழித்துவிட்டோம் என்று டைரக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீதி நாட்களுக்கு வேறு டெய்லர் வந்தார்.

படம் பதினோரு தியேட்டரில் வந்தது. முதல் நாள் பகல் காட்சிக்கு ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். போஸ்டரில் ‘உண்மைச் சம்பவம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குளியல் காட்சிகளுக்கு விசில் பறந்தது. இடைவேளைக்கு முன்னால் திரையில் ஒரு கிராதிக் கதவு வந்தது. புகை வந்தது. “சார் போதும்! சார் திறங்க!” என்ற குரலை எடுத்துவிட்டு அங்கே தாளத்தைப் போட்டிருந்தார்கள். ஆனால் உதட்டசைவு அப்படியே இருந்தது. பாட்டுக்காரி தான் தரையில் சரிவதைத் தானே பார்த்தாள். முன் வரிசையில் ஒருவன், “என்னமா நடிக்கிறா பாரு!” என்றான்.

டெய்லரக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டிலேயே எழுந்தாள். “நடிப்பு இல்லடா தம்பி. அவ சாகக் கிடந்தா. இங்க உட்கார்ந்திருக்கா, வேணும்னா திரும்பிப் பாரு” என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். பாட்டுக்காரி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். மற்றவர்கள், “உட்காரும்மா, மறைக்குது” என்றார்கள்.

டிக்கெட் துண்டுகளோடு ஒன்பது பேரும் நேரே சங்கத்துக்குத்தான் போனார்கள். இந்தத் தடவை செயலாளருக்கே கோபம். தன்னிடம் பொய்க் கையெழுத்துப் போட்டது அவருக்குச் சுட்டது. காட்சியை எடுக்கும் வரை இந்தக் கம்பெனிப் படத்துக்கு ஒரு துணை நடிகையும் வர மாட்டாள் என்று அறிவித்தார். மூன்றாம் நாள் ஒரு நிமிஷம் பதினெட்டு விநாடி வெட்டப்பட்டது. எட்டாம் நாள் படமே தியேட்டரை விட்டுப் போனது. ஆனால் வெட்டுவதற்கு முன்பே அந்தத் துண்டை யாரோ தியேட்டரில் கைபேசியில் பிடித்து வைத்திருந்தார்கள். அது இன்னும் ஊர் சுற்றுகிறது. அதற்கு எந்தச் சங்கமும் கிடையாது. அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை.

சினிமாக் கம்பெனிகள் இரண்டு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஆஸ்பத்திரிப் பணியாளர்களுக்குச் சீருடை தைக்கிற வேலையை அவளே தேடிப்பிடித்தாள். விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றது உண்டா’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதினாள். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மாதிரிச் சட்டை ஒன்று தைத்துக் காட்டச் சொன்னார்கள். தங்கை அலுவலகத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள், ஒருத்தி மட்டும் கூடுதலாக வந்து பேசினாள்.

ஒரு வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் டைரக்டர் போன் செய்தார். அடுத்த படம், பெண் போலீஸ் பற்றியதாம். “உங்க கை யாருக்கும் வரலக்கா. பழசை மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஐந்து நிமிஷம் நிற்காமல் சொன்னாள், ஒரு வார்த்தை கூட இரண்டாம் தடவை வரவில்லை. அடுப்படியிலிருந்து தங்கை கரண்டியோடு ஓடி வந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அக்காள் போனை வைக்கும் வரை காத்திருந்தாள்.

“அக்கா... இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என் பக்கத்துப் பாயில ஒரு மருத்துவச்சி இருந்தா” என்று ஆரம்பித்தாள் டெய்லரக்கா. “காலையில ஆள் எண்ணக் காவல்காரம்மா வர்றதுக்கு முன்னாடி, தினம் ஒரு புதுக் கெட்ட வார்த்தை சொல்லித்தான் எங்களை எழுப்புவா. நாலு வருஷத்துல ஒரு நாள் கூட பழசு சொன்னதில்ல...”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவ பேரு என்னக்கா?” என்று கேட்டாள்.